வியாழக்கிழமை ஊசி

ஈப்போவில் புற்றுநோய்க்காரர்களுக்கான பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தாதி போன மாதம் குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் பிரிவுக்கு ஆண்டு விழாவாம், மலர் போடுகிறார்களாம். "அக்கா, அந்தக் காலத்துல கேன்சர் நோயாளிங்கள எப்படிப் பாத்தீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்கலா. படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வர்ற மாதிரி இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

எழுதித் தருகிறேன் என்றேன். தைரியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் அப்பா பாரிட் புந்தாரில் அரிசி ஆலையில் மூட்டை நிறுப்பவர். வீட்டில் நான் நான்காவது பெண். பினாங்கில் மூன்று வருஷம் தாதிப் பயிற்சி. அந்த மூன்று வருஷத்தில் கட்டில் விரிப்பின் ஓரத்தை மடிக்கவும், அழாமல் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். ஊசி போடுவதும் காயம் கழுவுவதும் அதற்குப் பிறகு தானாக வந்தவை. பிறகு கல்யாணம். கணவருக்கு ஆயர் தாவார் பக்கத்தில் பள்ளிக்கூட வேலை என்பதால், அங்கே ஐந்து ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய குரூப் ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தகரக் கூரை, முப்பது கட்டில், மூன்று பக்கமும் ரப்பர் மரம். தோட்டத்து ஜனங்களுக்குத் தாதி என்றால் மிஸ்ஸி. நான் எஸ்தர் மிஸ்ஸி ஆனேன். ரத்தம் பார்ப்பது, மருந்து கலப்பது, பல் பிடுங்குவது எல்லாவற்றுக்கும் டிரசர் தங்கையா அண்ணன் இருந்தார். டாக்டர் மட்டும் வெளியிலிருந்து வருவார்.

அந்த டாக்டர், சோங். செவ்வாயும் வியாழனும் ஈப்போவிலிருந்து பழைய மோரிஸ் மைனர் காரை ஓட்டிக்கொண்டு வருவார். அவரை நல்ல மனிதர் என்று யாராவது சொன்னால் அவரே நம்பமாட்டார். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கக் கத்துவார். நான் எழுதிய குறிப்பில் ஒரு எழுத்து புரியவில்லை என்றால் அந்த அட்டையை ஜன்னல் வழியாக வெளியே எறிவார். புல்லில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வந்து திருத்தி எழுதவேண்டும். மழையிலும் எறிந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டதே கிடையாது.

ஆனால் நோயாளி உட்காராமல் அவர் உட்காரமாட்டார். "அம்மா, நீ ஒக்காரு மொதல். அப்புறம் நான்" என்பார், அவருக்குத் தெரிந்த தமிழில். பெண்களின் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் கையை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். குளிர்ந்த கை பட்டால் உடம்பு இறுகிக்கொள்ளும், இறுகினால் கட்டி கைக்குத் தட்டாது என்பது அவர் கணக்கு. முக்கியமான மருந்து என்றால் ஒரு சடங்கே நடக்கும். நோயாளி தன் பெயரைச் சொல்லவேண்டும். நான் மருந்துப் புட்டியில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கவேண்டும். தங்கையா அண்ணன் அளவைத் திருப்பிச் சொல்லவேண்டும். மூவரில் ஒருவர் தடுமாறினாலும் முதலிலிருந்து ஆரம்பம்.

அஞ்சலையை நான் முதலில் பார்த்தது அவளுடைய நோய்க்காக அல்ல. அவள் கணவன் மாரிமுத்து களைக்கு மருந்து அடிக்கிற வேலை. மருந்து கண்ணில் தெறித்துவிட்டதென்று அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தாறு வயது இருக்கும். பால் மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. நான் அவன் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, "நல்லா கழுவுங்க மிஸ்ஸி, அப்பத்தான் என் அழகு தெரியும்" என்றாள். மாரிமுத்து வலியிலும் சிரித்தான்.

கிளம்பும்போது அவனை வெளியே போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ்ஸி, இங்க கல்லு மாதிரி ஒண்ணு இருக்கு. காண்டாக் கம்பு இடிச்சதா இருக்குமா?"

இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் அந்தக் கம்பைத் தோளில் சுமக்கிறவள் அவள். இடது மார்பில், அக்குள் பக்கமாக, நெல்லிக்காய் அளவில் இருந்தது. கம்பு இடித்த கட்டி அப்படி இருக்காது.

வியாழக்கிழமை டாக்டர் சோங் பார்த்தார். கத்தவில்லை. அவர் கத்தாததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தானே கைப்பட ஈப்போவுக்குக் கடிதம் எழுதினார். மூன்று வாரத்தில் அங்கே மார்பை எடுத்தார்கள். காயம் ஆறியதும் கோலாலம்பூருக்குப் போகச் சொன்னார்கள். அக்குளில் நெறிகட்டிய இடத்துக்கும் நோய் போயிருந்தது. ஒரு வருஷம், மாதத்துக்கு இரண்டு ஊசி, இடையில் மாத்திரை. அந்த ஊசி அப்போது அங்கேதான்.

தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு ஒரு பஸ். அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னொரு பஸ், பழைய சாலையில், ஒவ்வொரு ஊராக. முந்தின நாளே போய் செந்தூலில் மாரிமுத்துவின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் படுத்து எழுந்து, ஊசி போட்டுக்கொண்டு திரும்பவேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்காதவர்களுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, கூலி கிடையாது. அதனால் அவன் கூடப் போக முடியாது. அவள் தனியாகத்தான் போனாள்.

மூன்றாவது தடவை போய்வந்த மறுநாள் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மாத்திரை உறையை மேசைமேல் வைத்தாள்.

"இத நீங்களே வச்சுக்குங்க. நான் இனிமே போவல."

"என்னா ஆச்சு?"

"பஸ்ல வாந்தி மிஸ்ஸி. பை வச்சிருந்தேன், அது கிழிஞ்சு போச்சு. பக்கத்துல உள்ளவங்க எல்லாம் சத்தம் போடறாங்க. கண்டக்டரு பீடோர்ல எறக்கி விட்டுட்டான். அடுத்த பஸ்ல வாம்மான்னான். அடுத்த பஸ்ஸு நிக்கல, அதுக்கடுத்ததும் நிக்கல. கொய்யாப்பழம் விக்கிற சீன அம்மா ஒரு முக்காலி குடுத்து ஒக்கார வச்சிச்சு. அப்புறம் அவங்க லாரியிலயே ஈப்போவுக்கு ஏத்தி விட்டுச்சு." மாத்திரை உறையை என் பக்கம் தள்ளினாள். "மார எடுத்தப்ப நான் அழுவல மிஸ்ஸி. நடு ரோட்டுல எறக்கி விட்டாங்க பாருங்க, அதுக்கு அழுதேன். போதும்."

அடுத்த வியாழன் இதை டாக்டர் சோங்கிடம் சொன்னேன். என்மேல்தான் பாய்ந்தார். மூன்று தடவை போய்வந்திருக்கிறாள், இப்போதுதான் சொல்கிறாயா, முதல் தடவை எப்படிப் போனாள் என்று நீ கேட்டாயா என்றார். நான் கேட்கவில்லை. கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டோம், அவ்வளவுதான் நம் வேலை என்று இருந்துவிட்டேன். அது உண்மை.

கத்தி முடித்துவிட்டு, "நரம்பில் மெதுவாக ஊசி ஏற்ற உனக்கு வருமா?" என்று கேட்டார்.

"வரும், டாக்டர்."

"கேட்டால் எல்லாரும் வரும் என்பார்கள்" என்று சட்டைக் கையை மடித்து மேசைமேல் கையை நீட்டினார். "போட்டுக் காட்டு."

அவர் நரம்பில் சிறிய ஊசியைச் செலுத்தி உப்புநீர் ஏற்றினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேகம் என்றார். மறுபடி போடச் சொன்னார். வலது கை முடிந்து இடது கை. நான்காவது தடவைதான் தலையசைத்தார். அன்றைக்கே கோலாலம்பூர் நிபுணருக்குக் கடிதம் எழுதினார்.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. ஒரே ஒரு தாள். என்ன மருந்து, எவ்வளவு, எந்த நாள், எப்போது போடக்கூடாது என்பது மட்டும் தட்டச்சில் இருந்தது. ரத்தத்தில் வெள்ளை அணு அங்கே எழுதியிருந்த அளவுக்குக் கீழே போனால் ஒரு வாரம் தள்ளவேண்டும். வாயில் புண் வந்தால் நிறுத்தவேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். தாளின் கீழே, வெள்ளை அணுவை எண்ணிப் பார்க்காமல் ஒரு துளிகூடப் போடக்கூடாது என்று நிபுணர் பேனாவால் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். கூடவே மருந்துப் பெட்டி. அதை டாக்டர் சோங்கே ஈப்போ ரயில் நிலையத்தில் வாங்கி வந்தார்.

இப்படித்தான் வியாழக்கிழமை ஊசி தொடங்கியது.

புதன் மாலை அஞ்சலை வந்து விரலைக் கொடுப்பாள். மலேரியாக் கிருமி பார்ப்பதற்காகத் தோட்டம் வாங்கிப் போட்டிருந்த மைக்ரோஸ்கோப் எங்களிடம் இருந்தது. அதில் தங்கையா அண்ணன் வெள்ளை அணுக்களை எண்ணுவார். பிறகு நான் எண்ணுவேன். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் மறுநாள் டாக்டர் வந்து எண்ணுவார். வியாழன் காலை அவள் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்துத் தலைதுவட்டிக்கொண்டு வருவாள். முதலில் வாந்திக்கு மாத்திரை. அரை மணி கழித்து ஊசி. ஒரு மருந்து மஞ்சளாக இருக்கும், ஒன்று தண்ணீர் மாதிரி. முதலில் உப்புநீர், பிறகு மஞ்சள், நடுவில் உப்புநீர், பிறகு மற்றது. அவசரப்பட்டால் நரம்புக்கு வெளியே கசியும், கசிந்தால் தோல் வெந்துபோகும். அதனால் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏற்றுவேன். அவள் சும்மா இருக்கமாட்டாள்.

"மிஸ்ஸி, மஞ்சத் தண்ணி ஊத்தறீங்களே, இன்னும் ஆரத்தி எடுக்கலயே?"

"பேசாம இரு அஞ்சலை. கை ஆடுது."

"என் கையா, ஒங்க கையா?"

முடிந்ததும் கட்டிலில் ஒரு மணி நேரம். வாந்தி வந்தால் பக்கத்திலேயே வாளி. பிறகு நடந்து லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போய்விடுவாள். பத்து நிமிஷ நடை. முதல் வியாழன் முடிந்த மறுநாள், படுத்திருப்பாள் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பெரட்டுக்குப் போய்விட்டாள்.

இந்தச் செய்தி பரவியது. நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்துக் கம்போங்கிலிருந்து ரொக்கியா என்ற மலாய்க்கார அம்மாவை அவள் மகன் காரில் கொண்டுவந்தான். கோழி வளர்க்கும் ஒரு சீனக் கிழவர் மருமகளின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவருக்குக் குடலில். ஒவ்வொருவருக்கும் டாக்டர் சோங் தனித்தனியாகக் கோலாலம்பூருக்கு எழுதினார், தனித்தனியாகத் தாள் வந்தது. ஆறு மாதத்தில் ஆறு பேர் ஆனார்கள். வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குமட்டலுக்கு நல்லதென்று கிழவர் ஆசாம் போய் கொண்டுவருவார், உப்பில் ஊறிய அந்தப் புளிப்புப் பழத்தை ஆறு பேரும் வாயில் அடக்கிக்கொள்வார்கள். ரொக்கியாவுக்குத் தலைமுடி கொட்டியபோது, "துடோங் முக்காடு போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் சூசா, பெரிய கஷ்டம், கொண்டை போட முடியாது" என்று அஞ்சலை பாதித் தமிழும் பாதி மலாயுமாகச் சொல்லி அவளைச் சிரிக்கவைத்தாள்.

ஒரே ஒரு தடவை பயந்தோம். கிழவருக்கு ஊசி போட்ட பத்தாம் நாள் கடும் காய்ச்சல். டாக்டர் சோங் தன் காரிலேயே அவரை ஈப்போவுக்குக் கொண்டுபோனார். பிழைத்து வந்தார். வந்தவர் மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

பிறகு தோட்டங்கள் கைமாறின. பழைய கம்பெனி விற்றது, புதிய கம்பெனி வாங்கியது. ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை போடப் போகிறார்கள், ஆள் குறையும் என்றார்கள். டாக்டர் சோங்கின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடுத்து வருகிறவருக்காக, ஆறு நோயாளிகளைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதிவைத்தார். கடைசி நாள் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "ரொக்கியாவின் இடது கை நரம்பைத் தொடாதே" என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவேயில்லை.

புதிதாக வந்தவர் டாக்டர் குணாளன். நம் ஆள். இளைஞர். என்னை அக்கா என்றுதான் அழைப்பார். குரலை உயர்த்தமாட்டார். அட்டையை எறியமாட்டார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வருவார். அவர் வந்த முதல் நாள், அப்பாடா, இனி திட்டு இல்லை என்று நான் சந்தோஷப்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது வாரம் மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, இந்த ஊசியெல்லாம் யாரு பர்மிஷன்ல போடறீங்க?"

"டாக்டர் சோங்கும் கே.எல். ஸ்பெஷலிஸ்டும், டாக்டர். தாள் இருக்கு. அவரு ஒங்களுக்கு லெட்டரும் வச்சிட்டுப் போயிருக்காரு."

"படிச்சேன். அவரு போயிட்டாரு. இனிமே கையெழுத்து என்னுது. நான் வாரத்துக்கு ஒரு நாளுதான் வாரேன். இது வெசம், அக்கா. அந்தச் சீனப் பெரியவருக்குக் காய்ச்சல் வந்துச்சாமே?"

"பொழச்சுட்டாரு, டாக்டர்."

"பொழைக்காம போயிருந்தா?"

அவர் தொடர்ந்தார்.

"வெளியாளுங்க வேற வாராங்க. இது தோட்டத்து ஆளுங்களுக்கு உள்ள ஆஸ்பத்திரி. கம்பெனி என்னைக் கேக்கும்."

"அஞ்சலை தோட்டத்து ஆளு, டாக்டர். பாதிக்கு மேல ஆயிருச்சு. இன்னும் அஞ்சு மாசந்தான். அவளுக்கு மட்டுமாச்சும்..."

"ஒருத்தருக்குப் போட்டா எல்லாருக்கும் போடணும். கே.எல்.ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. நல்லா பாப்பாங்க. அவங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்?"

அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பீடோரில் நடந்ததை நான் சொல்லத் தொடங்கியபோது கடிகாரத்தைப் பார்த்தார். நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நான் நிறுத்திக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. குரூப் ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதும் அரசாங்க வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். மேலதிகாரியின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். அதை டாக்டர் குணாளன்தான் தரவேண்டும். அந்த வாரம்தான் கேட்டிருந்தேன்.

அடுத்த வியாழன் அஞ்சலை எப்போதும்போல் தலைதுவட்டிக்கொண்டு வந்தாள். விஷயம் தெரியாமல் புதன் மாலையே தங்கையா அண்ணன் விரல் குத்தி எண்ணிவைத்திருந்தார். எண்ணிக்கை நன்றாக இருந்தது. மருந்து அலமாரியில் இருந்தது. டாக்டர் அன்றைக்கு வரவில்லை. தங்கையா அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார்.

"மிஸ்ஸி, இன்னைக்குப் போட்டு அனுப்பிருவோம். கே.எல்.லுக்கு எழுதி ஏற்பாடு பண்ற வரைக்கும் தாங்கும்ல? யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாம் அண்ணே. ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"இத்தன நாளு ஒண்ணும் ஆவலயே."

"வேணாம் அண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

நான் அஞ்சலையிடம் போனேன். இங்கே இனி போட முடியாது, புது டாக்டர் உத்தரவு, கோலாலம்பூருக்கு நானே கடிதம் தருகிறேன், இந்தத் தடவை கண்டக்டரிடம் சொல்லி முன்சீட்டில் உட்கார், என்றெல்லாம் சொன்னேன். அவள் கையை ஏற்கெனவே மேசைமேல் நீட்டிவைத்திருந்தாள். நான் பேசி முடித்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் ஒருவேளை நான் மனம் மாறியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"போயிருவேல்ல அஞ்சலை?" என்று கேட்டேன்.

"போறேன் மிஸ்ஸி. நீங்க சொன்னா போவாம இருப்பனா?" என்றாள்.

மிச்சமிருந்த மருந்தை என்ன செய்வது என்று டாக்டர் குணாளனைக் கேட்டேன். திருப்பி அனுப்பலாமா என்றேன். பிரித்த பெட்டியை யாரும் வாங்கமாட்டார்கள், அழித்துவிடுங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கட்டுத்துணி புதைக்கும் குழி ஒன்று இருந்தது. தங்கையா அண்ணன் வரவில்லை. நான் மட்டும் போனேன். வெளிச்சம் படக்கூடாது என்று ஒவ்வொருவர் மருந்தையும் பழுப்புத் தாளில் சுற்றி, பெயர் எழுதிவைத்திருந்தோம். ரொக்கியா. கோழிக்காரர். அஞ்சலை, அஞ்சலை, அஞ்சலை. குழியில் சுண்ணாம்பு கொட்டியிருந்தது. ஒவ்வொரு புட்டியாக உடைத்து ஊற்றினேன். வெள்ளைச் சுண்ணாம்பில் மஞ்சள் பரவியது. மருந்து கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுததாக எழுத ஆசையாக இருக்கிறது. அழவில்லை. வேலையைச் சரியாகச் செய்தேன்.

அந்த வாரமே நற்சான்றுக் கடிதம் வந்தது. நம்பகமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர் என்று எழுதியிருந்தார்.

இரண்டு மாதத்தில் நான் மாவட்ட அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். ரொக்கியாவை அவள் மகன் காரிலேயே கோலாலம்பூருக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். அவள் பேரன் பேத்தி பார்த்தாள். கார் இருந்தவள் பிழைத்தாள். கோழிக்காரர் பஸ் ஏறவில்லை, ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. அஞ்சலை போகிறாளா என்று நான் விசாரிக்கவில்லை. தோட்டத்திலிருந்து யாராவது ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவளைப் பற்றிச் சொல்லிவிடுவார்களோ என்று பேச்சை மாற்றுவேன். மாவட்ட ஆஸ்பத்திரியில் இந்த ஊசியைப் போடலாம், நான் போட்டிருக்கிறேன் என்று மேலிடத்துக்கு இரண்டு தடவை எழுதினேன். முதல் கடிதத்துக்குக் கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மாரிமுத்து அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். முதுகு வலி, நடக்க முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பையெல்லாம் நோய் அரித்திருந்தது. வார்டில் படுக்கவைத்துவிட்டு மாரிமுத்து தேநீர் வாங்கப் போனபோது நான் அவள் கட்டிலருகே போய் நின்றேன்.

"கே.எல்.லுக்குப் போனியா அஞ்சலை?"

சும்மாதான் கேட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

"எங்க மிஸ்ஸி போனேன்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு தடவ போனேன். அந்த எண்ணெ வாடை வந்துச்சு பாருங்க, அப்படியே திரும்பிட்டேன்."

"போறேன்னு சொன்னியே."

"நீங்க போன்னு சொன்னீங்க, நான் போறேன்னு சொன்னேன்." சிரித்தாள். பல் மட்டும்தான் பழைய அஞ்சலையுடையது. "நான் போவ மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ரெண்டு பேருந்தான் பொய் சொன்னோம்."

முழு வருஷமும் ஊசி போட்டிருந்தாலும் நோய் திரும்பி வந்திருக்கலாம் என்று டாக்டர்கள் பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. அந்த வார்த்தை எனக்கு ஒரு நாளும் தூக்கம் தந்ததில்லை.

வார்டில் இருக்க அவள் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்றாள். வலிக்கு மார்ஃபின் கலந்த கரைசல் கொடுத்தனுப்பினோம். அது கட்டுப்பாட்டு மருந்து. மூன்று நாளுக்கு மேல் தரமுடியாது, நோயாளியோ நெருங்கிய உறவினரோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். மாரிமுத்து ஒரு தடவை வந்தான், இரண்டாவது தடவை வந்தான். மூன்றாவது தடவை வரவில்லை. செம்பனை நடுகிற வேலை, வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். மருந்து இல்லாமல் அவள் இரண்டு நாள் கிடந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்ட அன்றைக்கே மருந்துப் பதிவேட்டை எடுத்து நானே வாங்குவதாக எழுதினேன். நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் அக்கா என்று போட்டேன். இளைய டாக்டர் ஒருவர் எதிர்க் கையெழுத்துப் போடவேண்டும். அவர் அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பொய்க்கு வேலை போகும். எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குப் பயம் வரவில்லை. அந்த வியாழக்கிழமை வந்து என்னைக் கட்டிப்போட்ட பயம், உதவி செய்ய ஒன்றும் மிச்சமில்லாதபோது எங்கே போயிற்று என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று நாளுக்கு ஒரு தடவை, வேலை முடிந்து பஸ் ஏறித் தோட்டத்து முனையில் இறங்கி, லயத்துக்கு நடந்து போனேன். குரூப் ஆஸ்பத்திரியைப் பூட்டி உரம் அடுக்கி வைத்திருந்தார்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்ததால் பாதை முழுக்க வெயில்.

அவள் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு கடைசியாகப் போனேன். மாரிமுத்து வேலைக்குப் போயிருந்தான். கதவு திறந்திருந்தது. பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தேன். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா மிஸ்ஸி" என்றாள். "இப்ப மருந்து லயத்துக்கே வருது."

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"திட்டிரு அஞ்சலை" என்றேன். "என்னைத் திட்டிரு. வாய்க்கு வந்தபடி திட்டு."

"திட்டி என்னா ஆவப் போவுது? அதுக்கெல்லாம் தெம்பில்ல" என்றாள். கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் லேசாகத் திறந்தாள். "இன்னொரு கரண்டி ஊத்துங்க."

ஊற்றினேன்.